கடைசிப் போஸ்ட் வீட்டுப் பெட்டி

எனக்கு நன்றாக எழுத வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த ஐந்தாவதிலும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டேன். மளிகைச் சீட்டு எழுதுவேன், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. எந்த மாதம், என்ன கிழமை என்று கேட்டால் முழிப்பேன். யார் என்ன சொன்னார்கள், அப்போது நான் எந்தக் கதவுக்குப் பின்னால் நின்றேன் என்பது மட்டும் மறக்காது.

எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் இருக்கிறது. ரோட்டோரத்தில் டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து கரண்ட் கம்பி தெருத் தெருவாக வந்து, எங்கள் வீட்டு வேலியோரம் நிற்கிற போஸ்டோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு சீமைக்கருவேலங்காடு, அதற்குப் பிறகு கண்மாய். கடைசிப் போஸ்ட் வீடு என்று கேட்டால் யாரானாலும் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள்.

வீட்டில் இரண்டே பேர். நானும் என் ஓரகத்தியும். என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்சாதி அவள். இரண்டு பேருக்குமே புருஷன் இல்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை ஏடி என்பாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

அக்காளுக்கு இழுப்பு உண்டு. மருந்தைப் புகையாக்கி மூக்கில் பிடிக்கிற ஒரு மெஷினை அவள் மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். காலையில் அது நன்றாக ஓடும். பொழுது சாய்ந்தால் போச்சு. மேலத் தெருவில் எல்லாரும் தண்ணீர் மோட்டார் போடுவார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டின மாடி வீடுகளில் ஏசி ஓடும். எல்லாரும் குடித்த பிறகு மிச்சம்தான் எங்கள் போஸ்டுக்கு வரும். டியூப்லைட் கண்ணைக் கண்ணைச் சிமிட்டும். காத்தாடி சுற்றும்போதே அதன் இறக்கை மூன்று என்று எண்ணிவிடலாம். மெஷின் உறுமும், புகை வராது. அக்காளுக்கு இழுப்பு கிளம்புவதும் அந்த நேரம்தான்.

“கரண்டும் என் மூச்சும் ஒண்ணாச் சேந்து லீவு போடுதுகடி” என்பாள்.

ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். கரண்ட் குறைந்ததும் அது டக்கென்று தானே அணைந்துகொண்டது. லைன்மேன் வந்து பார்த்தார். “ஆத்தா, இருக்கிற டிரான்ஸ்பார்மர் தாங்கல. இந்தக் கடைசிக்குன்னு சின்னதா ஒண்ணு தனியா வச்சாத்தான் சரியாகும். மேல எழுதியிருக்கோம்” என்றார்.

“மேலன்னா எங்கிட்டு? போஸ்ட்டு மேலயா?” என்று அக்கா கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதோடு சரி.

மெஷின் ஓடாத நாளில் அக்காளுக்கு முற்றிவிட்டால் கீரனூர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ஊரில் நடுத்தெருவில் ஒருவர் ஆட்டோ வைத்திருக்கிறார். எங்களுக்கு மகன் முறை. அவர் எப்போது கூப்பிட்டாலும் வருவார். முந்தின வருஷம் மட்டும் இரண்டு தடவை அப்படிப் போனோம். இரண்டாம் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொன்னார். அதை நான் அக்காளிடம் சொல்லவில்லை.

இப்படி இருக்கிறபோதுதான் அந்தப் பெண் வந்தாள்.

காலை பத்து மணி இருக்கும். தோளில் பை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர், கழுத்தில் அட்டை. இருபத்தைந்து வயது இருக்கலாம். “வணக்கம்மா. வீடு வீடா கரண்ட், அடுப்பு பத்தி விசாரிக்கிறோம். ஒரு அரை மணி நேரம் பேசலாமா?” என்றாள். எந்த ஆபீஸ் என்று சொன்னாள், எனக்கு அது மனதில் நிற்கவில்லை. கரண்ட் ஆபீஸ் இல்லை என்பது மட்டும் புரிந்தது. ஏதோ ஆராய்ச்சியாம்.

நான் உள்கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அக்கா முன்னால் உட்கார்ந்தாள்.

“எல்லா ஊருக்கும் கரண்ட் வந்துருச்சுன்னு கணக்குல இருக்கும்மா. வந்த கரண்ட் உபயோகமா இருக்கா, எத்தனை மணி நேரம் இருக்கு, புகையில்லாம சமைக்க முடியுதா, இதெல்லாம் பாத்து எந்தெந்த ஊரு எவ்வளவு முன்னேறியிருக்குன்னு அளக்குறோம்” என்றாள் அந்தப் பெண்.

“அளந்து?” என்றாள் அக்கா.

“அளந்தாத்தானேம்மா எங்க குறையுதுன்னு தெரியும்?”

“தெரிஞ்சு?”

அந்தப் பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.  எங்கள் வீட்டுக்கு இதுவரை விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் எதையாவது கொடுப்பதாகச் சொல்லித்தான் வந்தார்கள். புயலடித்துப் போஸ்டெல்லாம் சாய்ந்த வருஷம் எத்தனை பேர் எழுதிக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியும். எடுப்பதற்கு வருகிறவர்களும் அதே பேச்சைத்தான் பேசுவார்கள்.

“போன் நம்பர் குடுங்கம்மா” என்றாள்.

நான் பொறுக்க முடியாமல் கதவிடுக்கில் மெதுவாகச் சொன்னேன், “அக்கா, ஓடிபி கேட்டா குடுத்துராதீக.”

“ஏடி, எனக்கு அது தெரியாதா? போன வாரம் பேங்க்லருந்து பேசுறேன்னு ஒருத்தன் போன் பண்ணுனானே, அவனயே அழுக வச்சு அனுப்பிச்சவ நான்” என்று அக்கா சத்தமாகச் சொன்னாள்.

ஓடிபியெல்லாம் வேண்டாம் என்றாள் அந்தப் பெண். பிறகு, “சமையல் எதுலம்மா? கேஸா, விறகா?” என்று கேட்டாள்.

“கேஸுதான். மூணு வேளையும் கேஸு” என்றாள் அக்கா.

அது பொய். டீ போடுவதும், யாராவது வந்தால் சமைப்பதும் கேஸில். சோறும் வெந்நீரும் கொல்லையில் விறகடுப்பில்தான். விறகு எரிக்கிறோம் என்று எழுதிவிட்டால் சிலிண்டரை நிறுத்திவிடுவார்கள் என்று ரேஷன் கடை வரிசையில் பேசிக்கொண்டார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஊரே நம்பியது.

“அடுப்படியைப் பாக்கலாமா?” என்று அவள் எழுந்ததும் நான் பின்வாசல் வழியாக ஓடினேன். அடுப்பில் தணல் கிடந்தது. தண்ணீர் ஊற்றினால் புகை கிளம்பும். பக்கத்தில் கோழி அடைக்கிற பஞ்சாரம் இருந்தது. அதைத் தூக்கி அடுப்பின் மேல் கவிழ்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

அந்தப் பெண் கேஸ் அடுப்பைப் போட்டோ எடுத்தாள். பிறகு கொல்லையை எட்டிப் பார்த்தாள். பஞ்சாரத்தின் ஓட்டை வழியாகப் புகை இழை இழையாக வந்துகொண்டிருந்தது.

“கோழி இருக்கா பாட்டி உள்ள?” என்று என்னிடம் கேட்டாள்.

நான் அக்காளைப் பார்த்தேன். “மேயப் போயிருக்கு” என்றாள் அக்கா.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டாள். என்ன தட்டினாள் என்று எனக்கு அப்போதிலிருந்தே உறுத்தல்.

“வீட்டுல யாருக்காவது மூச்சுக் கோளாறு, இருமல்?”

“அதெல்லாம் இல்ல” என்றாள் அக்கா, மூச்சை அடக்கிக்கொண்டு. மெஷினின் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. அந்தப் பெண் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “என் சீக்கு எனக்கு. அத ஒருத்தி கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டுப் போயி ஊரு ஊராக் காட்டணுமா?” என்றாள்.

போவதற்கு முன்னால் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தாள். சோப்பு டப்பா அளவு இருக்கும். பின்னால் மூன்று கம்பி. கூடத்தில் இருந்த பிளக்கில் அதைச் சொருகினாள். முன்பக்கம் பச்சையாக ஒரு புள்ளி விட்டு விட்டு மின்னியது.

“ஊருக்கு மூணு வீட்டுல வைக்கிறோம்மா. டிரான்ஸ்பார்மர் பக்கத்துல ஒண்ணு, நடுத்தெருவுல ஒண்ணு, கடைசியில உங்க வீடு. கரண்ட் எவ்வளவு பலமா வருதுன்னு தானா எழுதி, தானா அனுப்பும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைச்சிராதீங்க. இத வச்சுத்தான் எந்த ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர் அவசரம்னு கரண்ட் ஆபீஸ்ல லிஸ்ட் போடுவாங்க.”

“தானா எழுதி, தானா அனுப்புமா?” என்றாள் அக்கா. “என் மருமகளே தேவல போலருக்கே.”

நான் அந்த நேரம் டிரான்ஸ்பார்மர் என்ற சொல்லைக் கேட்டேன். கேட்டும் நம்பவில்லை. கேட்காதவர்களிடம் எல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள், இவளும் பெட்டி வைப்பதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ரேஷன் கடையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அது மீட்டர்தான், ரகசிய மீட்டர், இலவச யூனிட்டை நிறுத்துவதற்கு ஆதாரம் எடுக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. இல்லை, வீட்டில் பேசுவதையெல்லாம் அது கேட்கும் என்றாள் இன்னொருத்தி. போனே கேட்கிறபோது பெட்டி கேட்காதா என்றார்கள். நான் எண்ணெயை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன்.

வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அக்காளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மேலத் தெருக்காரிகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போவாள். கூடத்தில் கைஜாடை. ஒரு நாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவள் கையாலேயே என்னை வைதாள்.

எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டோம். உப்பு, மோர், ஊசி, துட்டு, எதுவும். அடுத்த வீட்டுப் பிள்ளை தயிருக்கு வந்தால்கூட, காலையில் வா என்று அனுப்பிவிடுவோம். விளக்கு வைக்கிற நேரத்தில் லெட்சுமி உள்ளே வருகிறாள், அப்போது பொருள் வெளியே போனால் அவளும் கூடவே போய்விடுவாள் என்பது என் ஆத்தா சொல்லிக் கொடுத்தது. அதை நான் ஒரு நாளும் மீறினதில்லை.

பெட்டி வைத்த முதல் நாள் சாயங்காலம் சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன். எதிரே அந்தப் பச்சைப் புள்ளி மின்னிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறது, அனுப்புகிறது. எங்கள் வீட்டிலிருந்து எதையோ எடுத்து வெளியே அனுப்புகிறது. என்ன எடுக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னைப் பயமுறுத்தியது. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு போய்ச் சுவிட்சை அணைத்தேன். புள்ளி போய்விட்டது. மனசு லேசானது.

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து மறுபடி போட்டேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. விளக்கைப் போட்டால் பெட்டியை அணைப்பது, கோலம் போட்டால் பெட்டியைப் போடுவது. மூன்று மாதம் இருக்கும், நான்காகவும் இருக்கலாம். ஒரு நாள் தவறினதில்லை. அணைக்காதீர்கள் என்று அவள் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. பகலெல்லாம் எழுதுகிறதே, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெண் ஒரு நாள் வந்து மூன்று வீட்டுப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு மாதமோ என்னவோ கழித்துச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் என்று சொன்னார்கள். நாங்களும் போனோம். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சுவரில் பெரிய படம் ஒட்டியிருந்தாள். எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாம் அதில் துண்டு துண்டாக இருந்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம். பச்சை என்றால் முன்னேறின ஊர், கரண்ட் நன்றாக இருக்கிறது. சிவப்பு என்றால் உடனே ஏதாவது செய்ய வேண்டிய ஊர். கண்மாய்க்கு அந்தக் கரையில் இருக்கிற ஊர் சிவப்பு. எங்கள் ஊர் நல்ல நெல்நாற்றுப் பச்சை.

“என்னத்தா இது?” என்று அக்கா எழுந்துவிட்டாள். “எங்க வீட்டுல சாயந்தரம் மொகம் பாக்க வெளிச்சம் பத்தல. நாங்க பச்சையா?”

“மூணு பெட்டியிலயும் பதிவான வரைக்கும் கரண்ட் நல்லாத்தாம்மா இருக்கு” என்றாள் அந்தப் பெண். பதிவான வரைக்கும் என்று சொன்னபோது அவள் கண் கூட்டத்தைத் துழாவி என் தூணில் வந்து நின்ற மாதிரி எனக்குப் பட்டது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

லிஸ்ட் போய்விட்டதாம். டிரான்ஸ்பார்மர் கண்மாய்க்கு அந்தக் கரை ஊருக்கு.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. காலையில் எங்கள் வீட்டில் கரண்ட் நன்றாகத்தான் இருக்கும். நான் அந்தப் பெட்டிக்குக் காலையை மட்டும்தான் காட்டியிருக்கிறேன். அக்காளுக்கு மூச்சு முட்டுகிற நேரத்தையெல்லாம் நானே கையால் அணைத்திருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறக்கவில்லை.

நான் வாய் திறக்காததால் அக்கா திறந்தாள். ஆட்டோக்காரரின் மகளைக் கட்டிக் கொடுத்தது கண்மாய்க்கு அந்தக் கரை ஊரில். அவர் வீட்டில்தான் நடுத்தெருப் பெட்டி இருந்தது. அக்கா இரண்டையும் முடிச்சுப் போட்டாள்.

“இப்பல்ல தெரியுது. பொண்ணுக்குச் சீரு பத்தலன்னு டிரான்ஸ்பார்மரையும் சேத்து அனுப்பிச்சுட்டானா?” என்றாள்.

கூடமே சிரித்தது. அவர் முகம் கறுத்துப்போய் எழுந்து போனார். சிரிப்பாகச் சொன்னதுதான், ஆனால் ஒரு வாரத்தில் ஊர் அதை உண்மையாக்கிவிட்டது. பெட்டியில் என்னவோ செய்துவிட்டார், அந்தப் பெண்ணுக்கு எதையோ கொடுத்துவிட்டார் என்று பேசினார்கள். அவர் எங்கள் தெருப் பக்கம் ஆட்டோவைத் திருப்புவதே இல்லை. எதிரே வந்தால் பார்க்காத மாதிரிப் போனார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சோறு தின்றேன். அதை எழுதத்தான் வேண்டும்.

மார்கழிப் பனி விழுகிற நேரம். ஒரு நாள் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மெஷினைப் போட்டேன். உறுமியது. புகை ஒரு நூல் வந்து நின்றுவிட்டது. டியூப்லைட் அணைந்து அணைந்து எரிந்தது. அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள், வரவில்லை. அக்காளுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

நான் நடுத்தெருவுக்கு ஓடினேன். அந்த மனிதரிடம் நான் அதுவரை நேராக நின்று பேசினதில்லை. எல்லாம் அக்காதான். அவர் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அக்காளுக்கு முடியல” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “டிரான்ஸ்பார்மரச் சீராக் குடுத்தவன் வீட்டுக்கா சின்னாத்தா வந்திருக்கீங்க? வழி தப்பி வந்துட்டீகளா?” என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். “ஏறுங்க. பெரியாத்தா வாயத்தான் வைவேன், மூச்சையா வைவேன்?” என்றார்.

கீரனூர் ரோட்டில் அக்கா என் மடியில் தலையைச் சாய்த்திருந்தாள். அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. இனி இவள் பேசுவாளோ மாட்டாளோ என்று தோன்றியதும் எனக்குத் தன்னால் வாய் திறந்துவிட்டது.

“தம்பி, அந்தப் பெட்டிய நாந்தான் அணைச்சேன்” என்றேன்.

“எந்தப் பெட்டி?”

“பச்சப் புள்ளி மின்னுமே, அந்தப் பெட்டி. தினமும் வெளக்கு வச்சப்புறம். காலையிலதான் போடுவேன். அதான் நம்ம ஊரு பச்சையாப் போச்சு. நீங்க ஒண்ணும் செய்யல.”

வண்டி கொஞ்சம் மெதுவானது. அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார், “எதுக்கு சின்னாத்தா அணைச்சீங்க?”

“வெளக்கு வச்சப்புறம் வீட்டுலருந்து ஒண்ணையும் வெளிய அனுப்பக்கூடாதுல்ல?”

 “எங்க வீட்டுலயும் எம் பொண்டாட்டி அணைக்கணும்னுதான் நின்னா. நாந்தான் வைஞ்சு விட்டேன்” என்றார். வண்டி வேகம் எடுத்தது.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்த பிறகு அக்கா கண்ணைத் திறந்தாள். ஆட்டோக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான் அக்காளிடமும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தெரியும்டி” என்றாள். குரல் சருகு மாதிரி இருந்தது.

“தெரியுமா?”

“நீ அணைக்கிறத நான் பாக்கலன்னா நெனச்ச? ஒட்டுக் கேக்குற பெட்டி, அணையட்டும்னு இருந்துட்டேன். அணைச்சப்புறந்தானே ஒன்னய வாய்விட்டு வைய முடிஞ்சது.” பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்தாள். “ஏப்பு, சும்மா சொன்னதுதான். குடுமியான்மலைச் சாமி மேல ஆணையா, சிரிக்கத்தான் சொன்னேன்.”

“ஊரு சிரிச்சுச்சுல்ல, அது போதும்” என்றார் அவர். கோபம் போய்விட்டதா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் அவர்தான் தன் போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன்.  “பஞ்சாரத்துக்கடியில அடுப்பு வச்சிருந்த வீடுதானே?” என்று கேட்டாள்.

“ஆமாத்தா.”

“விறகு உண்டுன்னு அன்னைக்கே எழுதிட்டேன் பாட்டி. மெஷினுக்கு மேல துண்டு கெடந்ததும் தெரியும். உங்க பெட்டி தினமும் சாயங்காலம் நின்னுரும், காலையில எந்திரிக்கும். கரண்ட் கட்டா இருந்தா மத்த ரெண்டு பெட்டியும் நிக்கணும், அதுக நிக்கல. யாரோ வேணும்னே அணைக்கிறாங்கன்னு சந்தேகமாத்தான் இருந்துச்சு. கேக்குறதுக்குள்ள லிஸ்டுக்கு நாள் முடிஞ்சிருச்சு. அடுப்புல பொய், சீக்குல பொய். இப்ப நீங்க சொல்றத மட்டும் எப்படி நம்புறது, நீங்களே சொல்லுங்க?”

 நாங்கள் அவளைச் சந்தேகப்பட்டோம், அவள் எங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

“நீயே வந்து பாரு தாயி” என்றேன்.

அடுத்த வாரம் வந்தாள். அதே மாதிரி ஒரு பெட்டி. இந்தத் தடவை துண்டை எடுத்துவிட்டு மெஷினைக் காட்டினேன். பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு அடுப்பைக் காட்டினேன். ஒரு மாதம் நிற்காமல் ஓட வேண்டும், ஒரு நாள் நின்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், முன்னால் ஏன் நின்றது என்று எழுத்தில் கொடுத்தால் சேர்த்து அனுப்பிப் பார்க்கிறேன் என்றாள். லிஸ்டைத் திருத்துவார்களா என்று அக்கா கேட்டாள். தெரியாது என்றாள். திருத்துவார்கள் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, சுவிட்சின் மேல் அகலமான டேப் ஒட்டச் சொன்னேன். டேப்பின் மேல் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். என் கையை நான் நம்பவில்லை.

ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். உட்கார்ந்தால் இவ்வளவு வந்துவிட்டது. அவளுக்கு ஒரு பக்கம் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இது மற்றவர்களுக்கு.

இப்போது சாயங்காலம் விளக்கேற்றித் திரும்பினால் பச்சைப் புள்ளி மின்னுகிறது. கை தன்னால் அங்கே போகிறது, டேப்பில் பட்டுத் திரும்புகிறது. இன்னும் எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை எடுத்து அனுப்புகிறதோ என்றுதான் இருக்கிறது. அக்கா கட்டிலில் இருந்தபடியே, “போகட்டும் விடுடி. இந்த இருட்டுல லெட்சுமிக்கு வாசலே தெரியாது, எங்க போகப் போறா?” என்கிறாள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரை பனிக்கு அவள் தலையில் துண்டு கட்டிவிட்டு, நடுத்தெரு ஆட்டோ வாசலில் நிற்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது மூன்று மாதமா நான்கு மாதமா என்று யாராவது அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சரிபாருங்கள். இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சாயங்காலம் நூற்று ஐம்பதுதான் காட்டுகிறது என்று அவள் சொன்னாள், நூற்று அறுபது என்றாளோ என்னவோ, அதையும் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே பொய் சொல்லியிருக்கிறோம், அதனால் என் பேச்சை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். யாராவது நேரில் வந்து பாருங்கள். வருகிறவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாருங்கள். காலையில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள்.